குளிர் கொன்றதும் பசி கொன்றதும்: 1709ஆம் ஆண்டின் பெருங்குளிர்

கருவி வைத்து நேரடியாக அளந்த காற்றின் குளிர்களில் உலகிலேயே மிகக் கடுமையானது 1983 ஜூலை 21 அன்று அண்டார்க்டிகாவின் வோஸ்டாக் ஆய்வு நிலையத்தில் பதிவானது: மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ். மக்கள் குடியிருக்கும் ஊர்களில் சைபீரியாவின் ஒய்மியாகோன் 1933இல் மைனஸ் 67.7 டிகிரியைக் கண்டது. சாதனைப் பட்டியல்கள் எல்லாவற்றிலும் இந்த எண்கள் தவறாமல் இருக்கும். ஆனால் அவற்றால் எந்த அரசும் ஆட்டம் காணவில்லை, எந்தச் சந்தையிலும் ரொட்டி விலை ஏறவில்லை. 1709 ஜனவரியில் பாரிசில் அடித்த குளிரோ, ஆய்வாளர்கள் கணக்கிட்ட வகையில், மைனஸ் 20 டிகிரியை ஒட்டியதுதான். ஒய்மியாகோன்காரர்களுக்கு அது இதமான நாள். ஆயினும் 1709, 1710 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பிரான்சில் வழக்கத்தைவிடச் சுமார் 6 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள்.

ஒரு குளிர்காலம் எத்தனை பேரைப் பலிகொள்ளும் என்பதை வெப்பமானி சொல்லாது. குளிர் எந்த வரிசையில் வந்தது, எந்தப் பயிரின்மேல் விழுந்தது, களஞ்சியத்திலும் கஜானாவிலும் என்ன மிச்சமிருந்தது, என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்களை அதிகாரத்தில் இருந்தவர்கள் செய்ய விட்டார்களா என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ‘பெருங்குளிர்காலம்’ என்றே குறிப்பிடும் 1709, இதைத் துலக்கமாகக் காட்டும் ஆண்டு.

பொது அளவுகோல் பிறப்பதற்கு முன்

அந்தக் குளிர் வந்தபோது ஐரோப்பாவில் வெப்பமானிகள் இருந்தன; எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. ஃபாரன்ஹைட் தன் அளவுமுறையை வெளியிட்டது 1724இல், செல்சியஸ் 1742இல். ஃபாரன்ஹைட் தன் பூஜ்யத்தை 1709 குளிர்காலத்தில் தான்சிக் நகரம் கண்ட மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலிருந்து எடுத்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அவர் எழுதி வைத்ததோ பனிக்கட்டி, நீர், உப்பு ஆகியவற்றின் கலவையைப் பற்றி.

பாரிஸ் வானாய்வுக்கூடத்தில் பிலிப் த லா ஹீர் தன் வெப்பமானியைச் சரிபார்க்க ஓர் எளிய வழி வைத்திருந்தார். கட்டடத்துக்கு அடியில் சுமார் 28 மீட்டர் ஆழத்தில் நிலவறைகள் உண்டு. கோடையானாலும் குளிரானாலும் அங்கே வெப்பநிலை மாறுவதில்லை. அவருடைய கருவி அந்த நிலவறையில் 48ஆம் கோட்டில் நிற்கும். 1709 ஜனவரி நடுவில் மேலே கோபுரத்தில் அதே கருவி 5ஆம் கோட்டுக்கு இறங்கியது. அந்த நிலவறையின் வெப்பம் இன்று நமக்குத் தெரியும், கிட்டத்தட்ட 12 டிகிரி செல்சியஸ். அதனால்தான் 300 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கோடுகளை இன்றைய டிகிரிகளாக மாற்றிப் பார்க்க முடிகிறது. அதே நகரில் மருத்துவர் லூயி மொரான் 1665 முதல் 1713 வரை நாளொன்றுக்கு மூன்று முறை வானிலையைக் குறித்து வைத்தார். லண்டனுக்குக் கிழக்கே அப்மின்ஸ்டர் என்ற ஊரின் பாதிரியார் வில்லியம் டெர்ஹாம், இன்றைய கணக்கில் மைனஸ் 12 டிகிரியைப் பதிவு செய்தார். தன் தேவாலயக் கோபுரத்தில் ஏறி ஒலியின் வேகத்தை அளந்தவரும் இவர்தான். மனித நினைவில் இதைவிடப் பெரிய உறைபனி இல்லை என்று அவர் ராயல் சொசைட்டிக்கு எழுதினார்.

இப்படிச் சிதறிக் கிடந்த குறிப்புகளையும் மரவளையம், பனிப்பாளம் போன்ற இயற்கைப் பதிவுகளையும் சேர்த்து யூர்க் லூட்டர்பாகர் தலைமையிலான குழு 2004இல் ஐரோப்பாவின் 500 ஆண்டு வெப்பநிலையை மீட்டமைத்தது. அந்த 500 ஆண்டுகளில் மிகக் குளிர்ந்த குளிர்காலம் 1708–09 என்பது அவர்கள் கண்ட முடிவு.

அரண்மனையிலும் வெளியிலும்

1709 ஜனவரி 5, மூவரசர் திருநாளுக்கு முந்தைய நாள். பிரான்சின் வடபகுதியில் மழை பெய்துகொண்டிருந்தது. அன்று இரவே காற்று திசை மாறியது. விடிவதற்குள் ஈர நிலம் கல்லாக இறுகிவிட்டது. அடுத்த மூன்று வாரம் ஆறுகள் உறைந்தன, வண்டிப் பாதைகள் அடைபட்டன. வேகமாக ஓடும் ரோன் நதியின்மீதே பனிக்கட்டி பிடித்தது. வெனிஸ் நகரத்தார் படகில் கடக்கும் காயலை நடந்து கடந்தார்கள். காடுகளில் மரங்கள் வெடிச் சத்தத்தோடு பிளந்தன என்றும், அடித்த தேவாலய மணிகள் விரிசல் கண்டன என்றும் பல ஊர்க் குறிப்புகள் சொல்கின்றன.

மன்னன் பதினான்காம் லூயியின் தம்பி மனைவி எலிசபெத் ஷார்லோட் வெர்சாயிலிருந்து தன் அத்தைக்குக் கடிதம் எழுதினார். கொழுந்துவிட்டு எரியும் கணப்பின் முன்னால், கழுத்தில் மென்மயிர்த் தோலும் கால்களுக்குக் கரடித்தோல் பையுமாக உட்கார்ந்திருந்தும் நடுக்கம் நிற்கவில்லை, பேனாவைப் பிடிக்க விரல் வளையவில்லை என்று அதில் முறையிட்டார். அரண்மனை வாழ்க்கையை நுணுக்கமாகப் பதிவு செய்த சான்-சிமோன் பிரபு, ஒரு சிறு அறையில் நடந்த விருந்தைச் சொல்கிறார். மது பாட்டில்கள் பெரிய அடுப்பு எரியும் சமையலறையிலிருந்து, அதுவும் பக்கத்து அறையிலிருந்துதான் வந்தன. அப்படியும் ஊற்றும்போது கோப்பையில் பனித்துண்டுகள் விழுந்தன. கணப்பு எரிந்த அறைகளின் அலமாரிகளிலேயே வாசனைத் திரவக் குப்பிகள் உடைந்துபோயின.

இக்காட்சிகள் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லப்படுகின்றன. ஆனால் வெர்சாயில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆறு லட்சம் சாவுகளுக்கான காரணத்தை வயல்களில்தான் தேட வேண்டும்.

வயலில் நடந்தது

வட பிரான்சின் உணவு ரொட்டி. ரொட்டியின் ஆதாரம் குளிர்காலக் கோதுமை. இலையுதிர் காலத்தில் விதைப்பார்கள். குளிர் தொடங்கும்போது பயிர் விரற்கடை உயரத்துக்கு முளைத்து நிற்கும். வசந்தத்தில் மறுபடி கிளம்பி, கோடையில் அறுவடைக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் அதைக் காப்பது அதன்மேல் விழும் பனிதான். புதுப்பனியில் பெரும்பகுதி காற்று. அந்தக் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேலே மைனஸ் 15 இருந்தாலும், தடித்த பனிக்கு அடியில் மண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஆகவே பனி கொட்டும் குளிர்காலம் கோதுமைக்குப் பகையில்லை.

1709இல் அந்தப் பாதுகாப்பு இரண்டு முறை இல்லாமல் போனது. முதல் அடி விழுந்தபோது நிலம் மழையில் ஊறியிருந்தது. மேலே பனி இல்லை. பிறகு பனி விழுந்தது, பயிரில் ஒரு பகுதி பிழைத்தது. ஜனவரி கடைசி வாரத்தில் குளிர் விட்டது. பனி உருகி வயலெங்கும் நீர் தேங்கியது. உழவர்கள் பிழைத்தோம் என்று நினைத்த வேளையில் பிப்ரவரியில் குளிர் திரும்பியது, மார்ச்சிலும் தொடர்ந்தது. உறையும் நீர் விரிவடையும். ஈர மண் உறைந்து உப்பும்போது பயிரை மேலே தூக்கி வேரை அறுத்துவிடும். முதல் உறைபனியில் தப்பியது இரண்டாவதில் போயிற்று. இந்த இரண்டாம் அடிதான் எல்லாவற்றையும் அழித்தது என்று சான்-சிமோனும் எழுதுகிறார்.

மரங்களுக்கும் இதே கதிதான். தெற்கே ஒலிவத் தோப்புகள், நடுப் பகுதியில் வாதுமையும் செஸ்ட்நட்டும், மேற்கே திராட்சைத் தோட்டங்கள் பட்டுப்போயின. செஸ்ட்நட் மலைநாட்டு ஏழைகளின் அன்றாட உணவு. அந்த மரத்தை மறுபடி நட்டுக் காய்ப்புக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆகும். நாந்த் வட்டாரத்தில் செத்த செந்திராட்சைக்குப் பதிலாகக் குளிர் தாங்கும் ஒரு வெள்ளைத் திராட்சையைப் பரவலாக நட்டார்கள். இன்று ‘மஸ்கடே’ என்ற பெயரில் விற்கும் மது அதிலிருந்து வருவது.

பிழைத்த மரங்களும் அந்த ஆண்டை மறக்கவில்லை. 1737இல் தூஹாமெல், புஃபோன் என்ற இரண்டு அறிஞர்கள் புதிதாக வெட்டிய மரங்களின் குறுக்குவெட்டை ஆராய்ந்தார்கள். மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணிக்கொண்டு போனால், மரத்துக்கு மரம் ஒரே இடத்தில் சிதைந்த, நிறம் மாறிய ஒரு வளையம் தென்பட்டது. கணக்கு 1709இல் போய் நின்றது. வானிலை வரலாற்றை மரத்திலிருந்து படிக்கும் பிற்கால அறிவியலின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று இது.

தடை போட்டவர்களும் மீறியவர்களும்

மார்ச் முடிவில் வயல்கள் பழுப்பாகக் கிடந்தன. கோதுமை செத்துவிட்டதா, வேரிலிருந்து மறுபடி துளிர்க்குமா என்பதுதான் அன்றைய பெரிய கேள்வி. அனுபவமுள்ள உழவர்கள் சிலர் காத்திருக்கவில்லை. வயலை மறு உழவு செய்து பார்லி விதைத்தார்கள். பார்லி வசந்தத்தில் விதைத்துக் கோடையில் அறுக்கக்கூடியது. ரொட்டி கறுப்பாக வரும், ஆனாலும் வயிற்றை நிரப்பும்.

அதிகாரிகள் அதற்குத் தடை விதித்தார்கள். துளிர்க்கக்கூடிய கோதுமையை உழுது அழித்துவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. கோதுமை வராது என்பது உறுதியான பிறகே தடை நீங்கியது. அதற்குள் விதைப்புப் பருவத்தில் பல வாரம் கழிந்திருந்தது, விதைப் பார்லியின் விலையும் ஏறியிருந்தது. தடையை மீறியவர்களே புத்திசாலிகள், தடை போட்டவர்கள் காலம் கடந்து வருந்தினார்கள் என்பது சான்-சிமோனின் தீர்ப்பு. தாமதமாக விதைத்தும் அந்தக் கோடையில் பார்லி அமோகமாக விளைந்தது. பிரான்சை மேலும் பெரிய சாவிலிருந்து காத்தது அந்த விளைச்சல்தான்.

ஏப்ரல் இறுதியில், தானியம் வைத்திருப்போர் அனைவரும் இருப்பை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஆனால் ஒரு வட்டாரத்தின் தானியம் வெளியே போவதை அந்த வட்டார மக்களே மறித்தார்கள். வண்டிகளும் படகுகளும் வழியில் சூறையாடப்பட்டன. எல்லா ஊரும் தன் ஊர்ப் பசியைத்தான் பார்த்தது. பாரிசில் ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்து மண்மேடு வெட்டும் வேலை தொடங்கினார்கள். ஆகஸ்டு 20 அன்று ரொட்டி போதாமல் கலவரம் மூண்டது. போர்த்தளபதி புஃப்லேர் கூட்டத்துக்குள் நடந்துபோய்ப் பேசி அமைதிப்படுத்த வேண்டியிருந்தது.

கஜானாவில் பணமும் இல்லை. ஸ்பெயின் அரியணை யாருக்கு என்ற போர் எட்டு ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. குளிருக்குப் பிறகு லூயி சமாதானம் கேட்டு வெளியுறவு அமைச்சர் தோர்சியையே ஹேக் நகருக்கு அனுப்பினார். ஸ்பெயினில் அரசனாக இருந்த தன் பேரனைத் தானே விரட்டி வெளியேற்ற வேண்டும் என்ற நிபந்தனை அவரால் ஏற்க முடியாததாக இருந்தது. போரைத் தொடர ஜூன் மாதம் அரசனின் வெள்ளிப் பாத்திரங்களும் பிரபுக்களின் பாத்திரங்களும் நாணயச்சாலைக்குப் போயின. ஜூன் 12 அன்று தன் முடிவுக்கான காரணத்தைக் குடிமக்களுக்கு விளக்கி லூயி ஒரு கடிதம் வெளியிட்டார். யாருக்கும் காரணம் சொல்லிப் பழகாத அரசர் அவர்.

எல்லைக்கு அப்பால்

பிரான்சுக்கு வெளியேயும் அந்தக் குளிர் வரலாற்றின் போக்கில் கை வைத்தது. ரஷ்யாவின் மேல் படையெடுத்த சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸின் படை அந்தக் குளிர்காலத்தை உக்ரைனில் கழித்தது. ஆயிரக்கணக்கான வீரர்கள் உறைந்து செத்தார்கள், பலர் கை கால் விரல்களை இழந்தார்கள். ஜூலை 8 அன்று பொல்தாவாவில் ரஷ்ய மன்னர் பீட்டரைச் சந்தித்தது தேய்ந்துபோன படை. அங்கே தோற்ற சுவீடன் வல்லரசு என்ற இடத்தை இழந்தது. ரைன் கரையில் போரும் வரியும் ஏற்கெனவே நசுக்கிய உழவர்கள், திராட்சையும் பட்டுப்போனபின் ஊரைக் காலி செய்தார்கள். 1709இல் சுமார் 13,000 பேர் லண்டன் வந்து சேர்ந்தார்கள். பிளாக்ஹீத் வெளியில் கூடாரங்களில் தங்கவைக்கப்பட்ட அவர்களில் ஏறத்தாழ 3,000 பேர் மறு ஆண்டு நியூயார்க்குக்குக் கப்பல் ஏற்றப்பட்டார்கள்.

இவ்வளவு குளிர் ஏன் வந்தது? 1645 முதல் 1715 வரை சூரியனில் கரும்புள்ளிகள் மிக அரிதாகவே தோன்றின. ஜப்பானின் ஃபுஜி எரிமலை 1707 டிசம்பரில் வெடித்திருந்தது. இவை குளிரான பின்னணியை அமைத்திருக்கலாம். ஆனால் ஒரே இரவில் மழையை உறைபனியாக மாற்றியது காற்றோட்டம். வழக்கமாக அட்லாண்டிக்கிலிருந்து வெதுவெதுப்பைக் கொண்டுவரும் மேற்குக் காற்று அடைபட்டு, வடகிழக்கின் உறைந்த நிலப்பரப்பிலிருந்து காற்று இறங்கியது. இந்தக் காரணங்களில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இன்னும் ஏற்படவில்லை.

மழை ஆண்டோடு ஓர் ஒப்பீடு

வரலாற்றாசிரியர் மார்செல் லாஷிவெர் பிரான்சின் திருச்சபைப் பதிவேடுகளை அடிப்படையாகக் கொண்ட மக்கள்தொகை ஆய்வுகளிலிருந்து இந்தப் பஞ்சங்களை எடைபோட்டார். 1709–10இல் கூடுதல் சாவுகள் ஏறத்தாழ 6 லட்சம். பிறப்புகளின் சரிவையும் சேர்த்தால் 2.2 கோடி மக்கள்தொகையில் 8 லட்சம் குறைந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் உறைந்து சாகவில்லை. பசியும், பசித்த உடலைத் தொற்றிய காய்ச்சலும், பிழைப்புத் தேடி அலைந்தவர்கள் பரப்பிய நோயுமே கொன்றன.

இந்த எண்ணிக்கையை 1693–94 பஞ்சத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது 1709ஐப் போன்ற குளிர்காலம் எதுவும் இல்லை. தொடர்ந்து இரண்டு ஆண்டு குளிர்ந்த வசந்தமும் ஓயாத மழையும் இருந்தன. கதிர் பிடிக்கவில்லை, பிடித்ததும் அழுகியது. அந்தப் பஞ்சத்தில் கூடுதலாக இறந்தவர்கள் 13 லட்சம். யாரும் சாதனைப் பட்டியலில் சேர்க்காத மழை ஆண்டுகள், 500 ஆண்டுகளின் கடுங்குளிரைவிட இருமடங்கு பேரைக் கொண்டுபோயின. 1709இல் கேடு வசந்தத்துக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. மாற்றுப் பயிர் விதைக்க அவகாசம் கிடைத்தது. 1693இல் கேடு மெதுவாக வந்தது, தெரிந்தபோது விதைக்க நேரம் இல்லை.

அயர்லாந்தின் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். 1739 டிசம்பர் கடைசியில் தொடங்கிய உறைபனி ஏழு வாரம் நீடித்தது. ஏழைகள் உருளைக்கிழங்கைத் தோண்டாமல் மண்ணிலேயும் ஆழமில்லாத குழிகளிலும் வைத்திருப்பது வழக்கம். மிதமான குளிர்காலங்களில் அதனால் கேடு வந்ததில்லை. இந்த முறை உணவும் விதைக்கிழங்கும் ஒன்றாகவே உறைந்து அழுகின. ஆறுகள் உறைந்ததால் நீராலைகள் நின்றன. தானியம் இருந்தவர்களாலும் மாவு அரைக்க முடியவில்லை. பின்னால் வறண்ட வசந்தம் வந்து கால்நடைத் தீவனத்தையும் பறித்தது. தானிய ஏற்றுமதிக்குத் தடை வந்தது, பிரிட்டனுக்குப் போவதற்கு மட்டும் விலக்கு. 24 லட்சம் மக்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே குளிர் இங்கிலாந்தையும் தாக்கியது. அங்கே சாவு அயர்லாந்தின் அளவை எட்டவில்லை.

டெக்சஸ், 2021

தானியத்தை நம்பிய காலம் போய், இன்று மின்சாரத்தை நம்புகிறோம். 2021 பிப்ரவரி 16 அன்று அமெரிக்காவின் டாலஸ் நகரில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரிக்கு இறங்கியது. வடக்கே மினசோட்டா மாநிலத்துக்கு இது ஆண்டுதோறும் வரும் குளிர். அங்கே காற்றாலைகளும் எரிவாயுக் கிணறுகளும் அதற்கேற்பக் கட்டப்பட்டவை. டெக்சஸில் அப்படி இல்லை. எரிவாயுக் கிணறுகளின் முகப்பு உறைந்ததும் மின்நிலையங்கள் நின்றன. மின்சாரம் வெட்டப்பட்டபோது, மின்சாரத்தில் ஓடும் எரிவாயு அழுத்திகளும் நின்றன; அதனால் இன்னும் சில மின்நிலையங்கள் நின்றன. மாநில மின்வலையம் முழுவதுமாகச் சரிவதற்கு 4 நிமிடம் 37 நொடிதான் மீதம் இருந்தது என்று அதை இயக்கிய அமைப்பே பின்னர் தெரிவித்தது. அந்த மின்வலையம் அண்டை மாநிலங்களோடு பெரிய அளவில் இணைக்கப்படாதது. கடன் வாங்கவும் வழி இல்லை. 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருண்டன. அரசுக் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் உடல் குளிர்ந்து இறந்தவர்கள். வெப்பத்துக்காக வீட்டுக்குள் காரையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டும் கரி அடுப்பை எரித்தும் நச்சுப்புகையில் மாண்டவர்களும் உண்டு.

இது முன்னறிவிப்பின்றி வந்த கேடல்ல. 2011 பிப்ரவரியிலும் டெக்சஸில் இதே போன்ற மின்தடை ஏற்பட்டிருந்தது. கூட்டாட்சி ஒழுங்குமுறை அமைப்புகள் அதே ஆண்டில் விரிவான அறிக்கை கொடுத்து, மின்நிலையங்களையும் எரிவாயுக் கருவிகளையும் குளிருக்குத் தயார்ப்படுத்துமாறு பரிந்துரைத்தன. கட்டாயம் இல்லாததால் பலர் செலவு செய்யவில்லை. குளிருக்குத் தயார்ப்படுத்துவது சட்டமானது 2021 சாவுகளுக்குப் பிறகு.

பிரான்சின் உழவருக்குப் பார்லி தெரிந்திருந்தது; டெக்சஸின் பொறியாளருக்குக் குழாய்க்கு உறை போடத் தெரிந்திருந்தது. 1709இல் தெரிந்த தீர்வுக்கும் அனுமதிக்கும் இடையே கழிந்தது சில வாரம். 2021இல் கழிந்தது பத்து ஆண்டு. வானிலைச் சாதனைகளைத் தொகுப்பவர்கள் டிகிரிகளை மட்டும் ஒப்பிடும்வரை இந்த இடைவெளி அவர்கள் பட்டியலுக்கு வெளியேதான் இருக்கும். ஒவ்வொரு கடுங்குளிருக்கும் அதன் மிகத் தாழ்ந்த வெப்பநிலையோடு, எது உறைந்தால் எது நின்றுபோயிற்று, அதைத் தடுக்கும் வழி முன்பே யாருக்குத் தெரிந்திருந்தது, எத்தனை நாள் கழித்து அவர்கள் பேச்சு கேட்கப்பட்டது என்பதையும் பதிவு செய்தால், காலநிலை வரலாறு ஆட்சி செய்வோருக்கும் பயன்படும் நூலாக மாறும்.